மூலக்கூற்று இயக்கவியலில் அலகுகளும் முடுக்கமும்

மூலக்கூற்று இயக்கவியல் என்பது, ஒரு பொருளிலுள்ள அணுக்கள் நேரம் செல்லச் செல்ல எவ்வாறு நகர்கின்றன என்பதை நியூட்டனின் இயக்க விதிகளைக் கொண்டு கணினியில் கணக்கிடும் உருவகப்படுத்தல் முறையாகும். ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கண்டறிந்து, அதை அணுவின் நிறையால் வகுத்து முடுக்கத்தைப் பெறுவதே இம்முறையின் மையக் கணக்கு. இந்த வகுத்தல் எளிமையானதாகத் தோன்றினாலும், விசை ஓர் அலகிலும் நிறை வேறோர் அலகிலும் தரப்படுவதால் விடை நேரடியாக முடுக்கமாக அமைவதில்லை. அலகுகளை இணைக்கும் ஒரு மாற்றக் காரணி பெரும்பாலும் தேவைப்படுகிறது. இக்காரணியில் ஏற்படும் சில பிழைகள் உருவகப்படுத்தலை உடனே சிதைத்துவிடும். வேறு சில பிழைகளோ எந்த அறிகுறியும் காட்டாமல் தவறான விடையைத் தரும்.

பின்னணி

1957ஆம் ஆண்டு பெர்னி ஆல்டர், தாமஸ் வெயின்ரைட் ஆகியோர் அணுக்களைக் கடினக் கோளங்களாகக் கருதி முதல் மூலக்கூற்று இயக்கவியல் கணக்கீடுகளை வெளியிட்டனர். கேரம் பலகையின் காய்களைப் போல, கடினக் கோளங்கள் மோதும் கணத்தில் மட்டுமே திசை மாறும். இரு மோதல்களுக்கு இடையே அவை சீரான திசைவேகத்தில் செல்வதால் அங்கு முடுக்கம் சுழி ஆகும்.

உண்மையான அணுக்கள் அப்படி இயங்குவதில்லை. அவை அருகில் வரும்போது ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மிக அருகில் வந்தால் விலக்குகின்றன. தொடர்ச்சியாக மாறும் இத்தகைய விசையைக் கொண்டு ஒரு நீர்மத்தை முதலில் உருவகப்படுத்தியவர் அனீசூர் ரகுமான். ஐதராபாத்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1964ஆம் ஆண்டு நீர்ம ஆர்கான் பற்றிய ஆய்வை வெளியிட்டார். (ஆய்வகத்தின் பெயருக்கும் ஆர்கான் தனிமத்துக்கும் தொடர்பில்லை.) 864 அணுக்கள், 94.4 கெல்வின் வெப்பநிலை, கன சென்டிமீட்டருக்கு 1.374 கிராம் அடர்த்தி, 10⁻¹⁴ நொடி காலப்படி ஆகியவை அந்த உருவகப்படுத்தலின் விவரங்கள். அதில் கிடைத்த விரவல் குணகம் சோதனை மதிப்பைவிட 15 விழுக்காடு மட்டுமே குறைவாக இருந்தது.

அணுக்களின் நிலைகளைப் படிப்படியாகக் கணக்கிட இன்றும் பயன்படும் எளிய வழிமுறையை 1967ஆம் ஆண்டு லூ வெர்லே பரவலாக்கினார். அதன் சாரம் பின்வருமாறு:

புதிய நிலை = 2 × தற்போதைய நிலை − முந்தைய நிலை + முடுக்கம் × (காலப்படி)²

இந்தச் சமன்பாட்டில் முடுக்கம் நேரடியாக இடம்பெறுகிறது. அதைக் காலப்படியின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது நீளமாக இருக்க வேண்டும். முடுக்கத்தின் அலகு தவறானால் அணு செல்லும் இடமும் தவறாகிவிடும்.

அன்றாட அலகுகள் ஏன் பயன்படுவதில்லை

மீட்டர், கிலோகிராம், நொடி ஆகியவற்றைக் கொண்ட பன்னாட்டு அலகு முறையில் எந்த மாற்றக் காரணியும் தேவையில்லை. நியூட்டனைக் கிலோகிராமால் வகுத்தால் மீட்டர்/நொடி² கிடைக்கும். ஆயினும் இம்முறை அணுக்களுக்கு வசதியானதன்று. ஓர் ஆர்கான் அணுவின் நிறை 6.63 × 10⁻²⁶ கிலோகிராம். அதன் விட்டம் ஏறத்தாழ 3.4 × 10⁻¹⁰ மீட்டர்.

எழுதுவதில் உள்ள சிரமம் ஒருபுறம் இருக்க, கணினிக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்கான் அணுக்களுக்கு இடையிலான ஆற்றலைத் தரும் லெனார்டு-ஜோன்ஸ் சமன்பாட்டில் தொலைவின் ஆறாம் அடுக்கும் பன்னிரண்டாம் அடுக்கும் வருகின்றன. 3.4 × 10⁻¹⁰ என்ற எண்ணின் ஆறாம் அடுக்கு சுமார் 1.5 × 10⁻⁵⁷ ஆகும். 32 பிட்டில் எண்களைச் சேமிக்கும் கணக்கீட்டில் முழுத் துல்லியத்துடன் குறிக்கக்கூடிய மிகச்சிறிய எண் ஏறத்தாழ 10⁻³⁸ என்பதால், இம்மதிப்பைக் கணினி சுழியாகவே எடுத்துக்கொள்ளும். அதே தொலைவை 3.4 ஆங்ஸ்ட்ராம் என எழுதினால் ஆறாம் அடுக்கு சுமார் 1545 ஆகும். இந்த எண்ணில் எந்த இடரும் இல்லை.

இக்காரணங்களால் அணு அளவுக்கு ஏற்ற அலகுகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நீளத்துக்கு ஆங்ஸ்ட்ராம் அல்லது நானோமீட்டர், நேரத்துக்கு ஃபெம்டோ நொடி அல்லது பிக்கோ நொடி, நிறைக்கு அணுநிறை அலகு ஆகியவை வழக்கத்தில் உள்ளன. வேதியியலாளர்கள் ஆற்றலை ஒரு மோலுக்குக் கிலோகலோரி அல்லது கிலோஜூல் எனக் குறித்து வந்ததால், அந்த வழக்கமும் இத்துறைக்குள் வந்தது. இந்நான்கு அலகுகளும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டதே மாற்றக் காரணி தேவைப்படுவதற்குக் காரணமாகும்.

மாற்றக் காரணியைப் பெறும் முறை

விசை 1 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம், நிறை 1 அணுநிறை அலகு எனக் கொண்டு, முடுக்கத்தை ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ நொடி² அலகில் பின்வருமாறு காணலாம்.

1. ஒரு கிலோகலோரி 4184 ஜூல் ஆகும். இதை அவகாட்ரோ எண்ணான 6.022 × 10²³ ஆல் வகுத்தால், ஓர் அணுவுக்குரிய ஆற்றல் 6.948 × 10⁻²¹ ஜூல்.

2. ஓர் ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர் என்பதால், விசை 6.948 × 10⁻¹¹ நியூட்டன்.

3. அணுநிறை அலகு 1.6605 × 10⁻²⁷ கிலோகிராம். விசையை இதனால் வகுத்தால் முடுக்கம் 4.184 × 10¹⁶ மீட்டர்/நொடி².

4. ஓர் ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ நொடி² என்பது 10⁻¹⁰ ÷ 10⁻³⁰ = 10²⁰ மீட்டர்/நொடி². ஆகவே விடை 4.184 × 10⁻⁴ ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ நொடி².

விடையில் 4.184 என்ற எண் தற்செயலாக வரவில்லை. ஆற்றல் மோலுக்கு இவ்வளவு எனவும், நிறை மோலுக்கு இத்தனை கிராம் எனவும் தரப்படுவதால் அவகாட்ரோ எண் மேலும் கீழும் வந்து நீங்கிவிடுகிறது. எஞ்சுவது கலோரிக்கும் ஜூலுக்கும் உள்ள விகிதமும் பத்தின் அடுக்குகளும் மட்டுமே. எனவே,

முடுக்கம் = 0.0004184 × விசை ÷ நிறை

என்பது இந்த அலகுகளுக்குரிய சமன்பாடாகும்.

வழக்கிலுள்ள அலகுத் தொகுதிகள்

ஆற்றலின் அலகு, நிறை × நீளம்² ÷ நேரம்² என்பதற்குச் சரியாகப் பொருந்தினால் அத்தொகுதி ஒத்திசைவானது எனப்படும். ஒத்திசைவான தொகுதியில் மாற்றக் காரணி 1 ஆகும். பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள் இச்சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன.

குரோமாக்ஸ்: நானோமீட்டர், பிக்கோ நொடி, அணுநிறை அலகு, கிலோஜூல்/மோல். ஒரு மோலுக்கு ஒரு கிராம் நிறையை நானோமீட்டர்²/பிக்கோ நொடி² ஆல் பெருக்கினால் மிகச் சரியாக ஒரு கிலோஜூல் கிடைக்கும். எனவே இத்தொகுதி ஒத்திசைவானது. விசையை நிறையால் வகுத்தால் நானோமீட்டர்/பிக்கோ நொடி² அலகில் முடுக்கம் நேரடியாகக் கிடைக்கும்.

சார்ம், ஆம்பர்: ஆங்ஸ்ட்ராம், கிலோகலோரி/மோல், அணுநிறை அலகு. காரணியை 1 ஆக்குவதற்காக, உள்கணக்கில் நேரத்தின் அலகு 48.888 ஃபெம்டோ நொடியாக மாற்றப்படுகிறது. இது 0.0004184 இன் தலைகீழியின் வர்க்கமூலம். சார்ம் வழக்கில் இத்தொகுதிக்கு ஆக்மா என்று பெயர்.

லேம்ப்ஸ்: பயனரே தொகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். 'ரியல்' எனப்படும் தொகுதியில் ஆங்ஸ்ட்ராம், ஃபெம்டோ நொடி, கிலோகலோரி/மோல் ஆகியவை உள்ளன. 'மெட்டல்' தொகுதியில் ஆங்ஸ்ட்ராம், பிக்கோ நொடி, எலக்ட்ரான் வோல்ட் ஆகியவை உள்ளன. இதில் மாற்றக் காரணி சுமார் 9648.5. மின்வேதியியலில் வரும் பாரடே மாறிலியான 96485 இன் பத்தில் ஒரு பங்கு இது.

அலகு மாறும்போது மாறிலிகளின் மதிப்பும் மாறும். போல்ட்ஸ்மேன் மாறிலி கிலோகலோரி/மோல்/கெல்வின் அலகில் 0.0019872, கிலோஜூல்/மோல்/கெல்வின் அலகில் 0.0083145, எலக்ட்ரான் வோல்ட்/கெல்வின் அலகில் 0.00008617. மின்னூட்டங்களுக்கு இடையிலான ஆற்றலைக் கணக்கிடும் கூலும் மாறிலி, கிலோகலோரியும் ஆங்ஸ்ட்ராமும் பயன்படும் இடத்தில் சுமார் 332.06, கிலோஜூலும் நானோமீட்டரும் பயன்படும் இடத்தில் சுமார் 138.94. ஒரு நிரலில் இந்த எண்களைக் கண்டால் அதில் எந்த அலகுத் தொகுதி பயன்படுகிறது என்பதை ஊகித்துவிடலாம்.

முடுக்கத்தின் அளவு: ஆர்கான் எடுத்துக்காட்டு

ஆர்கானுக்கு ஆற்றல் குழியின் ஆழம் 120 கெல்வினுக்கு இணையானது. கிலோகலோரியில் இது மோலுக்கு 0.2385, கிலோஜூலில் 0.998. இரு அணுக்கள் 4.23 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும்போது ஈர்ப்பு விசை உச்சத்தை அடைகிறது. அதன் மதிப்பு 0.168 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம். இதை ஆர்கானின் அணுநிறையான 39.95 ஆல் வகுத்து 0.0004184 ஆல் பெருக்கினால், முடுக்கம் 1.76 × 10⁻⁶ ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ நொடி² ஆகும்.

மிகச் சிறிய எண்ணாகத் தோன்றும் இதை அன்றாட அலகுக்கு மாற்றினால் 1.76 × 10¹⁴ மீட்டர்/நொடி² கிடைக்கும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 18 இலட்சம் கோடி மடங்கு. இதைக் காணும் மாணவர்கள் கணக்கில் பிழை இருப்பதாக நினைப்பது இயல்பு. ஆனால் பிழை ஏதும் இல்லை. விசை மிகச் சிறியதுதான். நிறை அதைவிடப் பன்மடங்கு சிறியது.

இந்த முடுக்கம் எவ்வளவு நேரம் செயல்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரகுமான் பயன்படுத்திய 10 ஃபெம்டோ நொடிக் காலப்படியில் திசைவேகம் 1.76 மீட்டர்/நொடி மட்டுமே மாறும். 94.4 கெல்வினில் ஆர்கான் அணுவின் சராசரி இருமடி மூல வேகம் சுமார் 243 மீட்டர்/நொடி. எனவே ஒரு படியில் ஏற்படும் மாற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தப் படியில் திசைவேகத்தால் அணு நகரும் தொலைவு 0.024 ஆங்ஸ்ட்ராம், முடுக்கத்தால் கூடுதலாக நகர்வது 0.00009 ஆங்ஸ்ட்ராம். பேரளவாகத் தோன்றும் முடுக்கம், தன் காலப்படிக்குள் மென்மையான திருத்தமாகவே அமைகிறது.

உருவகப்படுத்தல்களில் புவியீர்ப்பு சேர்க்கப்படாததற்கும் இதுவே விளக்கம். ஒரு நானோ நொடியில் புவியீர்ப்பால் ஓர் அணு விழும் தொலைவு 4.9 × 10⁻¹⁸ மீட்டர். இது அணுவின் விட்டத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

முடுக்கமும் காலப்படியும்

ஆர்கானுக்குப் பொருந்திய 10 ஃபெம்டோ நொடி, நீருக்குப் பொருந்தாது. ஒரே விசை ஆக்சிஜன் மீதும் ஹைட்ரஜன் மீதும் செயல்பட்டால், ஹைட்ரஜனின் முடுக்கம் ஏறத்தாழ 16 மடங்கு. மேலும், வேதிப்பிணைப்பின் விசை அணுக்களுக்கு இடையிலான பொதுவான ஈர்ப்பைவிட மிக வலுவானது.

ஆம்பர் விசைப்புலத்தில் நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தரப்படும் மாறிலி 553 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம்². பிணைப்பு 0.05 ஆங்ஸ்ட்ராம் நீண்டால் விசை 55.3 கிலோகலோரி/மோல்/ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஹைட்ரஜனின் முடுக்கம் 0.023 ஆங்ஸ்ட்ராம்/ஃபெம்டோ நொடி². 10 ஃபெம்டோ நொடிக்கு இம்முடுக்கம் மாறாமல் இருப்பதாகக் கொண்டால், ஹைட்ரஜன் 1.15 ஆங்ஸ்ட்ராம் நகரும். பிணைப்பின் நீளமே 0.957 ஆங்ஸ்ட்ராம்தான். ஒரே படியில் அணு தன் துணையைத் தாண்டிச் சென்றுவிடும். அடுத்த படியில் விசை பன்மடங்காகும். சில படிகளில் உருவகப்படுத்தல் சிதறிவிடும்.

இப்பிணைப்பின் ஓர் அதிர்வுக்கு எடுக்கும் நேரம் சுமார் 9 ஃபெம்டோ நொடி. ஓர் அதிர்வைப் பத்துப் படிகளிலாவது பின்தொடர வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. இதனால் காலப்படி 1 ஃபெம்டோ நொடி அளவில் வைக்கப்படுகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகளின் நீளத்தை மாறாமல் நிறுத்திவிட்டால் 2 ஃபெம்டோ நொடி வரை செல்லலாம். இதற்கான ஷேக் வழிமுறை 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. மற்றொரு வழி, ஹைட்ரஜனுடன் இணைந்த அணுவின் நிறையில் ஒரு பகுதியை ஹைட்ரஜனுக்கு மாற்றுவது. நிறை கூடினால் முடுக்கம் குறையும். காலப்படியை 4 ஃபெம்டோ நொடி வரை உயர்த்தலாம். மொத்த நிறை மாறாததாலும், சமநிலைப் பண்புகள் நிறையின் பங்கீட்டைச் சார்ந்திராததாலும் இம்முறை ஏற்கப்படுகிறது.

குறைப்பு அலகுகள்

அலகுகளையே தவிர்க்கும் வழியும் உண்டு. ஆர்கான் போன்ற எளிய நீர்மங்களில் அணுவின் விட்டத்தை நீள அலகாகவும், ஆற்றல் குழியின் ஆழத்தை ஆற்றல் அலகாகவும், அணுவின் நிறையை நிறை அலகாகவும் கொண்டால் எல்லா எண்களும் 1 என்பதைச் சுற்றியே அமையும். நேர அலகு இவற்றிலிருந்து தானாகக் கிடைக்கும். அது நீளம் × √(நிறை ÷ ஆற்றல்). ஆர்கானுக்கு இதன் மதிப்பு 2.15 பிக்கோ நொடி.

இம்முறையில் வழக்கமான காலப்படி 0.005. இதை 2.15 பிக்கோ நொடியால் பெருக்கினால் சுமார் 10.8 ஃபெம்டோ நொடி. ரகுமான் எடுத்துக்கொண்ட காலப்படியும் ஏறத்தாழ இதுவே. ஒரே உருவகப்படுத்தலின் முடிவை ஆர்கானுக்கும் கிரிப்டானுக்கும் மாற்றிக்கொள்ள முடிவது இம்முறையின் கூடுதல் பயன்.

வெளிப்படும் பிழைகளும் மறைந்திருக்கும் பிழைகளும்

அலகுப் பிழைகள் அனைத்தும் ஒரே விதமாக வெளிப்படுவதில்லை. நானோமீட்டர் கேட்கும் இடத்தில் 0.34க்குப் பதிலாக 3.4 எனக் கொடுத்தால் அணு பத்து மடங்கு பெரிதாகும். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதால் விலக்கு விசை கட்டுக்கடங்காமல் பெருகி, கணக்கு உடனே நின்றுவிடும். 0.0004184 என்ற காரணியை விட்டுவிட்டாலும் அப்படியே. மேலே கண்ட ஆர்கான் அணு ஒரே படியில் நொடிக்கு 4 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் பெறும். இத்தகைய பிழைகளால் நேரம் வீணாகுமே தவிர, தவறான முடிவு வெளியே போகாது.

கிலோகலோரிக்கும் கிலோஜூலுக்கும் இடையிலான குழப்பம் வேறு வகையானது. கிலோஜூலை எதிர்பார்க்கும் நிரலில் ஆர்கானின் குழி ஆழத்தை 0.2385 எனக் கொடுத்தால், அணுக்களிடையே ஈர்ப்பு 4.184 மடங்கு குறைந்துவிடும். கணக்கு தடையின்றி ஓடும், வெப்பநிலை 94.4 கெல்வின் என்றே திரையில் வரும். ஆனால் நீர்மத்தின் நடத்தை, வெப்பநிலைக்கும் குழி ஆழத்துக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்தது. உண்மையில் அங்கு உருவகப்படுத்தப்படுவது 395 கெல்வினில் உள்ள ஆர்கான். ஆர்கானின் மாறுநிலை வெப்பநிலை சுமார் 151 கெல்வின் என்பதால், அது நீர்மமே அன்று. பிழை மறுதிசையில் நேர்ந்து, கிலோகலோரி நிரலில் 0.998 எனக் கொடுத்தால், 22.6 கெல்வினில் உள்ள ஆர்கானின் நடத்தை கிடைக்கும். ஆர்கானின் உருகுநிலை 83.8 கெல்வின்.

பிணைப்பு மாறிலியிலும் இதுபோன்ற ஒரு பிழைக்கு வாய்ப்புண்டு. ஆம்பர் விசைப்புலத்தில் பிணைப்பாற்றல் 'மாறிலி × நீட்சி²' என எழுதப்படுகிறது. குரோமாக்ஸில் அதுவே '½ × மாறிலி × நீட்சி²'. எனவே மாற்றும்போது 4.184 × 100 = 418.4 என்பதோடு 2 ஆலும் பெருக்க வேண்டும். 553 என்பது 462750.4 ஆக மாற வேண்டும். இரண்டை மறந்தால் 231375.2 எனக் கிடைக்கும். பிணைப்பு பாதி வலுவுடன், அதிர்வெண் √2 மடங்கு குறைந்து இயங்கும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது.

திசைவேகங்களை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும்போதும் கவனம் தேவை. ஆம்பர் தன் மறுதொடக்கக் கோப்பில் திசைவேகத்தை உள்கணக்கு அலகிலேயே எழுதுகிறது. அதை ஆங்ஸ்ட்ராம்/பிக்கோ நொடி ஆக்க 20.455 ஆல் பெருக்க வேண்டும். பெருக்காமல் விட்டால் வேகம் 20 மடங்கும், வேகத்தின் இருமடியைச் சார்ந்த வெப்பநிலை 418 மடங்கும் குறையும். 300 கெல்வினில் இருந்த புரதம் 0.72 கெல்வினில் தொடங்கும்.

சரிபார்க்கும் வழிகள்

மொத்த ஆற்றல் மாறாமல் இருக்கிறதா எனப் பார்ப்பது முதல் சோதனை. வெப்பநிலைக் கட்டுப்பாடின்றி ஓடும் உருவகப்படுத்தலில் இயக்க ஆற்றலும் நிலையாற்றலும் சேர்ந்த கூடுதல் நிலையாக இருக்க வேண்டும். முடுக்கத்தின் மாற்றக் காரணி தவறாக இருந்தால், ஒன்று குறையும் அளவுக்கு மற்றது கூடாது, பிழை வெளிப்பட்டுவிடும்.

ஆனால் இச்சோதனைக்கு எல்லை உண்டு. குழி ஆழத்தையே தவறான அலகில் கொடுத்திருந்தால், விசையும் ஆற்றலும் ஒரே விகிதத்தில் மாறுவதால் மொத்த ஆற்றல் சரியாகவே நிலைத்திருக்கும். கணக்கு தனக்குள் முரணின்றி இருக்கிறது என்பதை மட்டுமே இச்சோதனை காட்டும். கணக்கிடப்படும் பொருள் நாம் நினைத்த பொருள்தானா என்பதை அது காட்டாது.

அதற்குச் சோதனை மதிப்போடு ஒப்பிடுவது தேவை. அடர்த்தி, விரவல் குணகம், ஆவியாதல் வெப்பம் ஆகியவற்றில் ஒன்றையாவது அறிந்த மதிப்புடன் ஒப்பிட வேண்டும். இவற்றோடு, இரண்டே அணுக்களைத் தெரிந்த தொலைவில் வைத்து, விசையையும் முடுக்கத்தையும் தாளில் கணக்கிட்டு, நிரல் தரும் முதல் படியின் விடையோடு ஒத்துப்பார்ப்பது எளிய வழியாகும். ஆர்கானுக்கு 4.23 ஆங்ஸ்ட்ராமில் 1.76 × 10¹⁴ மீட்டர்/நொடி² கிடைக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு கணக்கில், குழி ஆழம், விட்டம், நிறை, மாற்றக் காரணி ஆகிய நான்கும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன.